முற்றத்தில் கரி, பங்கரில் பசி

ஐப்பசி அடைமழையில் இரவுப் பணிக்குப் போகும்போது, அனல்மின் நிலையத்தின் நிலக்கரிப் பிரிவில் இருந்த எங்களுக்குக் கரி இருப்பைப் பற்றிய கவலை வந்ததில்லை. முற்றத்தில் அது மலைபோல் கிடக்கும். அந்தக் கரி, கொதிகலனை ஒட்டி அரைவை ஆலைகளுக்கு மேலே உள்ள பங்கர் என்ற பெரிய கரித் தொட்டிக்குப் போய்ச் சேருமா என்பதுதான் கவலை.

210 மெகாவாட் மின்னுற்பத்தி அலகு ஒன்று முழுத் திறனில் ஓட நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,500 டன் கரி, அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுச் சரக்கு ரயில் வேண்டும். ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாரதீப் வரை ரயிலிலும் பிறகு கப்பலிலும் வந்து சேரும் அந்தக் கரி, பெரும்பாலும் கடைசிச் சில நூறு மீட்டரில்தான் சிக்கிக்கொள்கிறது. நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகும் பொருள். அதில் களிமண்ணும் கலந்திருப்பதால், மழை நீரும் தூளும் சேர்ந்ததும் பசையாகிவிடும்.

மூத்த தொழிலாளி ஒருவர், கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார். உதிர்ந்தால் நல்லது. விரல் தடத்தோடு அப்படியே நின்றால், "தம்பி, கொழுக்கட்டை பிடிக்க வருது, சூட் அடைக்கும்" என்பார். சூட் என்பது பெல்ட்டிலிருந்து கரி கீழே இறங்கும் சரிவுக் குழாய். அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது.

சூட் அடைத்தால் பெல்ட்டை நிறுத்திக் குத்திவிடலாம். பங்கருக்குள் கரி ஒட்டிக்கொள்வதுதான் கொடுமை. வாய்க்கு நேர் மேலே உள்ளது மட்டும் எலிவளைபோல் இறங்கிவிட, சுவரோரக் கரி அசையாது நிற்கும். மேலிருந்து பார்த்தால் பாதிக்கு மேல் நிறைந்த பங்கர், கீழே அரைவை ஆலைக்கோ ஒன்றும் விழாது. உலையில் சுடர் தள்ளாடும், எண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டிவரும். அப்போது சம்மட்டியால் பங்கரை அடிப்பது வழக்கம். அந்த அடியில் விழும் ஒவ்வொரு குழியும் அடுத்த மழையில் கரி பிடிக்கும் இடமாகிறது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். உள்ளே ஆளை இறக்குவது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் பாலம் கட்டி நிற்கும் கரி சரிந்தால் மனிதனை நொடியில் மூடிவிடும்.

வழவழப்பான துருப்பிடிக்காத எஃகுத் தகடும், காற்றடித்துக் கரியை உதிர்க்கும் கருவியும் உதவும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது முற்றத்துக் கரிக்குக் கூரை. அலகுக்கு இரண்டு நாள் கரி, அதாவது 7,000 டன், நனையாமல் இருந்தால் அடைமழை இரவையும் தாண்டிவிடலாம்.