மூலம் என்றார்கள், பை என்றார்கள்: அப்பாவின் ஆசனவாய்ப் புற்றுநோயும் நாங்களும்

குடியாத்தத்தில் மூலத்துக்கு மருந்து சொல்லாத ஆள் கிடையாது. அப்பாவுக்கு ரத்தம் போகிறது என்று தெரிந்ததும் துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, யாரோ கொடுத்தனுப்பிய லேகியம் என்று தெருவே வைத்தியம் பார்த்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம். படித்த டாக்டர் ஒருவர் விரல் பரிசோதனையே செய்யாமல் களிம்பு எழுதிக் கொடுத்தாரே, அதை மன்னிக்க முடியவில்லை. கூச்சமாக இருக்கிறது என்று நோயாளி சொல்லலாம். டாக்டர் சொல்லக் கூடாது.

பிறகு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூலத்துக்கென்று அறுத்தார்கள். சதையை பயாப்சிக்கு அனுப்பினார்கள், அந்த மட்டும் புண்ணியம். ஸ்க்வாமஸ் செல் புற்றுநோய் என்று வந்தது, அதாவது ஆசனவாயின் மேல்பரப்பில் உள்ள தட்டையான செல்களில் தொடங்கும் வகை. "அடுத்த வாரமே ஆசனவாயை எடுத்துவிட்டு மலம் சேர வயிற்றில் நிரந்தரமாகப் பை வைத்துவிடலாம், முன்பணம் கட்டுங்கள்" என்றார் அங்கிருந்த சர்ஜன். கதிர்வீச்சு என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. சின்னம்மா மகள் செவிலியர். அவள்தான், "அண்ணா, இன்னோர் இடத்தில் காட்டாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்" என்று தடுத்தாள்.

இரண்டாவது மருத்துவமனையில் முதல் கேள்வியே, "ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?" பிளாக் என்பது அறுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறிய சதுரம், ஸ்லைடு என்பது அதிலிருந்து சீவி நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகடு. அவர்களே அதை மறுபடி பார்த்து உறுதி செய்யாமல் சிகிச்சை தொடங்க மாட்டார்கள். பழைய இடத்துக்கு ஓடினேன். அங்கிருந்த எழுத்தர், "ரிப்போர்ட்தான் கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன?" என்று தலை நிமிராமலே கேட்டார். ஆய்வகத்தில் கேள் என்றார். ஆய்வகத்தில், மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள். காட்பாடி ரோட்டில் இந்தப் பந்தாட்டம் பல நாள் நடந்தது. கடைசியில், "அனுப்புகைப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று நகராமல் நின்றேன். பதிவேட்டில் எண் இருந்தது. அந்த எண் எழுதிய சதுரம் மேசைக்குக் கீழே ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தது! பயாப்சி எடுக்கும் அன்றே பிளாக் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியபின் வேலூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள், அது மெழுகு.

முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகம் போகும் முன் ஆதாரிலும் ஸ்மார்ட் கார்டிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வருமானச் சான்றில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும் வேலைதான்.

புதிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஆசனவாயின் விளிம்பில் 2 செ.மீ.க்குள் உள்ள சிறிய கட்டி என்றால் சுருக்குத் தசையைத் தொடாமல் அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், பை வேண்டாம். அப்பாவுக்கு இருந்ததோ உள்ளே, அதைவிடப் பெரியது. இந்த வகைக்கு முதல் சிகிச்சை கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்ததுதான். 1974-ல் அமெரிக்காவில் நைக்ரோ என்ற சர்ஜன், அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்கலாம் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். பிறகு அறுத்து எடுத்த பகுதியில் புற்றுநோயே மிச்சமில்லை. அதிலிருந்துதான் வழக்கம் மாறியது. 'அடுத்த வாரமே' என்றவருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?

கதிர்வீச்சு முடிந்தது. தோல் வெந்துபோனது, வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து சமாளித்தார். கஷ்டம் அதற்குப் பிறகுதான். மூன்று மாதம் ஆகியும் கட்டி கையில் தட்டுப்பட்டது. சித்தப்பா வீட்டுக்கே வந்து, "இன்னும் எதற்கு வேடிக்கை பார்க்கிறீர்கள்?" என்று கத்தினார். டாக்டரோ, சுருங்கிக்கொண்டே இருந்தால் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 26 வாரம்வரை தொட மாட்டேன், வளர்ந்தால் அன்றே முடிவெடுப்பேன் என்றார். பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், 11 வாரத்தில் கட்டி முழுதாகப் போகாதவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் 26 வாரத்துக்குள் போய்விட்டதாம்.

அப்பா மீதிப் பேரில் ஒருவர். திரும்ப பயாப்சி எடுத்ததில் புற்றுநோய் இருந்தது. மலக்குடல், ஆசனவாய் இரண்டையும் எடுத்து நிரந்தரப் பை வைக்கும் அதே அறுவைதான் கடைசியில் நடந்தது. "அன்றே வெட்டியிருக்கலாமே" என்று இப்போதும் சொல்கிறார்கள். பெரும்பாலோருக்கு வெட்டாமலே போய்விடும் நோய்க்கு முதல் நாளே கத்தி எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கதிர்வீச்சு பட்ட இடம் எளிதில் ஆறாது. தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ சதை எடுத்து மூடுவார்களா? பை வைக்கும் இடத்தை முன்கூட்டியே குறிப்பார்களா? அப்பா லுங்கித் தறிக்காரர். ஸ்டோமா (பை ஒட்டுவதற்காக வயிற்றில் வெளியே எடுத்து வைக்கும் குடல்வாய்) பார்க்கும் செவிலியர் அவரைப் படுக்கவும் உட்காரவும் குனியவும் சொல்லி, லுங்கியைக் கட்டிக்காட்டச் சொன்னார். முடிச்சு விழும் இடத்தைத் தவிர்த்து, தறியில் குனிந்தாலும் மடிப்பு விழாத இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். அப்பா அன்றுதான் முதன்முறையாக, "சரி, செய்துவிடுங்கள்" என்றார்.

பைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும், வட்டம் வெட்டி வரும் பைகள் பிறகு பொருந்தாது. அதுவரை நாமே அளந்து வெட்டிக்கொள்ளும் வகையைச் சில்லறையாக வாங்குங்கள்.