சாளைக்குச் செதில் உண்டா?

புதன்கிழமை சாயங்காலம் மார்த்தாண்டம் சந்தையில் நான் பாடினேன். மீன் வரிசையில் நின்று, ஒரு கையில் பை, மறு கையில் போன். மைனி காதுக்கு மட்டும் எட்டினால் போதும், ஞாயிறு பூசைக்கு முன்னால் குழித்துறை வரை போய்விடும்.

எல்லாம் அம்மச்சியால். இஸ்ரேலில் ஏழு வருஷம் நான் வேலைக்கு நின்ற வீட்டு யூதக் கிழவி. செத்து ஒரு வருஷமாகியும் என்னை விட்டபாடில்லை.

மீன்கார அக்காவுக்கும் எனக்கும் ஏற்கெனவே தகராறு. இறால் வேண்டாம், கணவாய் வேண்டாம், கெளுத்தி வேண்டாம், சுறாவுக்கு இருக்கும் செதில் கணக்கில் வராது. செதிலும் துடுப்பும் இருந்தால்தான் மீன் என்று ஏழு வருஷம் பழகிய கண், ஊருக்கு வந்தும் திருந்தவில்லை. சாளையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். "எக்கா, நீ மீன் வாங்குதியா, மருமவளுக்குப் பொண்ணு பாக்குதியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். பொண்ணு பார்ப்பது மருமகளுக்கா, மகனுக்கா என்றுகூடத் தெரியாதவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது.

அம்மச்சி சேந்தமங்கலத்துக்காரி, கேரளத்தில் பறவூர் பக்கம். 1954-ல், 16 வயதில், விமானம் ஏறி இஸ்ரேல் போனவள். காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்தவளை நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற ஊரில் இறக்கி, இதுதான் வாக்குத்தத்த பூமி என்றார்களாம். மூன்று நாள் அழுதாளாம். நாலாம் நாள் கறிவேப்பிலை நட இடம் தேடினாளாம். சேந்தமங்கலம் ஜெப ஆலய வாசலில் 1269-ஆம் வருஷத்துக் கல்லறைக்கல் ஒன்று நிற்கிறது, சாராள் என்ற பெண்ணுடையது. இஸ்ரேலில் யார் வாலாட்டினாலும் அம்மச்சி இந்தக் கல்லைத்தான் தூக்கிப் போடுவாள். உங்கள் தாத்தாவின் தாத்தா எங்கே இருந்தார் என்றே உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குக் கல்லே இருக்கிறது என்பாள்.

பேரப்பிள்ளைகள் 'சவ்தா' என்று கூப்பிடுவார்கள். எபிரேயத்தில் பாட்டி. எனக்கு வாய் வரவில்லை. நம்ம ஊரில் 'சவ' என்று தொடங்கினாலே அடுத்தது கைகலப்புதான். அதனால் அம்மச்சி.

போன முதல் வாரமே கோழிக்கறியில் மாட்டினேன். இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். நானும் பயந்து, தேங்காய்ப்பால் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தேங்காய் என்ன கன்று போடுமா, அதைப் பால் என்று சொன்னால் பாலாகிவிடுமா என்று பிடித்துக்கொண்டாள். பெயர் வைத்தது நான்தான் என்பது போல.

ஓய்வுநாள் அதைவிடப் பாடு. வெள்ளி சாயங்காலம் சூரியன் விழுந்தால் சுவிட்சைத் தொட மாட்டாள். என்னைப் போடச் சொல்லவும் கூடாது. ஆனால் ஜாடையாகப் பேசலாம். "இருட்டாயல்லோ!" என்பாள், சுவரைப் பார்த்து. நான் முதலில் "ஆமாம் அம்மச்சி, இங்கே சீக்கிரம் இருட்டிவிடுகிறது" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு இல்லாமலே சாப்பிட்டு முடித்தோம். மூன்றாவது வாரம்தான் மண்டையில் ஏறியது.

இப்போது அந்த வியாதி எனக்கு. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம், "என்ன புழுக்கம்!" என்றேன். "மழை வரும்" என்று சொல்லிவிட்டு பேப்பரைப் புரட்டினார். முப்பது வருஷ தாம்பத்தியம். ஃபேன் போட நான்தான் எழுந்தேன்.

சரி, சந்தைக்கு வருகிறேன். அம்மச்சியின் பேத்தி வீடியோ காலில். அன்று அஸ்காரா, வருஷ நினைவு. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். அம்மச்சியின் பாட்டு நோட்டு கையில் இருக்கிறது, கல்யாணப் பாட்டு, பண்டிகைப் பாட்டெல்லாம் மலையாளத்தில் எழுதிவைத்தது. அங்கே நிற்கும் ஒருவருக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியாது. இது எந்தப் பாட்டு ஆன்டி என்று பக்கத்தைக் கேமராவில் காட்டினாள்.

தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

திருப்பிப் பிடி மோளே என்றேன். எனக்கும் எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் முதல் வார்த்தையிலேயே பிடிபட்டது. பஸ்கா பண்டிகைக்கு முன்னால், அரிசியில் ஒரு கோதுமை மணிகூட இருக்கக்கூடாதென்று மூன்று தடவை பொறுக்கும்போது பாடுகிற பாட்டு. முதல் தடவை மெதுவாக, மூன்றாவது தடவை வேகமாக, ஏனென்றால் அதற்குள் பசித்துவிடும்.

பாடினேன். எனக்குக் குரல் கிடையாது, உங்களுக்கே தெரியும். இரண்டாவது அடியில் அங்கே ஒரு கிழவி சேர்ந்துகொண்டாள், அம்மச்சியின் தங்கச்சியாகத்தான் இருக்கும். மீன்கார அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு கல் எடுத்து வைத்தார்கள். அங்கே பூ வைக்கிற வழக்கமில்லை. ஆன்டி பேரிலும் ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டாள்.

"பெரிசா பாத்து வை மோளே. சின்னக் கல்லுன்னா, சம்பளம் வாங்கினது பத்தலியான்னு கேப்பா."

போனை வைத்துத் திரும்பினால், என் சாளை முழுக்கச் செதில் உரித்துத் தயாராக இருக்கிறது. இனி எதைப் பார்க்க? வாங்கிக்கொண்டு வந்தேன்.