"இந்தப் பாடத்தை டிராப் செய்யலாமா?"

கல்லூரியில் கல்வி ஆலோசகர் என்றால் எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் எடுப்பது என்று சொல்கிறவர், அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அந்த வேலையும் உண்டு. ஆனால் செமஸ்டர் நடுவில் ஒரு மாணவி வந்து உட்கார்ந்து "இந்தப் பாடத்தை டிராப் செய்யலாமா?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்லிவிட மாட்டேன். மற்ற பாடங்கள் எப்படிப் போகின்றன, ராத்திரி வேலைக்குப் போகிறாரா, தூங்குகிறாரா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பல நேரம் பிரச்சினைக்கும் அந்தப் பாடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

அப்புறம்தான் விதிகள். கடைசித் தேதிக்குள் விலகினால் பெரும்பாலான கல்லூரிகளில் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (விலகினார்) என்று விழும், ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த கிரேடு சராசரி, அப்படியே இருக்கும். விலகாமல், வகுப்புக்கும் போகாமல் இருந்துவிட்டால் 'எஃப்' (தோல்வி) விழுந்து ஜிபிஏவும் சேர்ந்து சரியும். ஆனால் டபிள்யூவும் சும்மா வருவதில்லை. கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை அளவு) குறைந்து முழுநேர மாணவர் என்ற நிலை போனால் உதவித்தொகையில் கை வைப்பார்கள், வெளிநாட்டு மாணவர் என்றால் விசாவுக்கே சிக்கல் வரலாம். அடுத்த பாடத்துக்கு இதுதான் முன்தேவை, அதையும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடத்துகிறார்கள் என்றால் பட்டம் வாங்குவதே ஒரு வருஷம் தள்ளிப் போகும்.

ஜிபிஏ கணக்கை நான் போட்டுக் காட்டுவதில்லை, பேனாவை மாணவரிடமே கொடுத்துவிடுவேன். 60 கிரெடிட் முடித்தவருக்கு ஜிபிஏ 4க்கு 1.8, எச்சரிக்கைப் பட்டியலிலிருந்து வெளியே வர 2.0 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த செமஸ்டரில் 2.2 எடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் பெரும்பாலும் நம்பிக்கொண்டு வருவார்கள். கிரெடிட்டை ஜிபிஏவால் பெருக்கினால் கையில் இருப்பது 108 புள்ளி. இன்னும் 15 கிரெடிட் சேர்ந்தால் 75 கிரெடிட்டுக்கு 150 புள்ளி வேண்டும். ஆக 42 புள்ளியை 15 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், அதாவது 2.8. தன் கையாலேயே அந்த எண்ணுக்கு வந்து சேரும்போது முதலில் முகம் வாடும், கொஞ்ச நேரத்தில் "அப்போ இதில் பி, அதில் பி பிளஸ் வாங்கினால்..." என்று அவரே திட்டம் போட ஆரம்பிப்பார். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

அமெரிக்கக் கல்வியாளர் பர்ன்ஸ் குரூக்ஸ்டன் 1972ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆலோசனை சொல்வதும் ஒருவகைக் கற்பித்தல்தான் என்று வாதிட்டார். ஆலோசகர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற மாதிரி பேசினால் மாணவர் பொறுப்பெடுக்கக் கற்றுக்கொள்ள மாட்டார் என்பது அவர் கருத்து. நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் நாளைக்குக் கடைசித் தேதி என்று பதறிக்கொண்டு ஒருவர் வந்து நிற்கும்போது "நீயே யோசி" என்று சொல்வது அநியாயம். அந்த நேரத்தில் படிவத்தை எடுத்து எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டிவிட வேண்டும், மற்றதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.

என் கவலையெல்லாம் வராமல் இருப்பவர்களைப் பற்றித்தான். மதிப்பெண் குறையக் குறைய வெட்கம் கூடுகிறது, வெட்கம் கூடினால் மின்னஞ்சலைக்கூடத் திறப்பதில்லை, தேதிகள் எல்லாம் தாண்டிய பிறகு வருகிறார்கள். மூன்றாவது வாரத்தில் வந்திருந்தால் ஐந்து வழி இருந்திருக்கும், கடைசி வாரத்தில் மேல்முறையீட்டுக் கடிதம் எழுதுவது ஒன்றுதான் மிச்சம். அதனால் எச்சரிக்கைக் கடிதம் என்று நீளமாக எதையும் அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். "இந்த வாரம் பத்து நிமிஷம் வர முடியுமா?" என்று ஒரே வரிதான். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் வரலாம், மதிப்பெண் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டால் பேச்சு தானாக வந்துவிடும்.