நாத்தை இழுத்து வளர்த்தவன்

சீனாவுல டோங்குவான்ல ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் ஃபேக்டரில மூணு மாசம் இருந்தேன், எங்க கம்பெனிக்கு ஒரு மூடி அங்க அடிச்சிட்டு இருந்தாங்க, ட்ரயல் பாத்து ஓகே சொல்றது என் வேலை. மெஷினைப் பாத்துக்கிட்டவருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், எல்லாரும் ஷிஃபுன்னு தான் கூப்பிடுவாங்க. தொழில் தெரிஞ்ச யாரையும் அங்க அப்படித்தான் கூப்பிடறது, டாக்ஸி ஓட்டறவர் கூட ஷிஃபு தான்.

ஷிப்மென்ட் தேதி நெருங்கிடுச்சு. ஒரு ஷாட்டுக்கு, அதாவது உருகின பிளாஸ்டிக்கை மோல்டுங்கற அச்சுக்குள்ள அடிச்சு ஒரு மூடியா வெளிய எடுக்க, 38 செகண்ட், அதுல மோல்டுக்குள்ளயே ஆற விடற கூலிங் மட்டும் 22. அதை 14 ஆக்கினா மணிக்கு 94 வர்ற இடத்துல 120 மூடி வரும்னு கணக்கு போட்டு நான் குறைக்கச் சொன்னேன். ஷிஃபு வேணாம்னு கைய ஆட்டி, போன்ல ஏதோ டைப் பண்ணி ட்ரான்ஸ்லேஷனைக் காட்டினார், நாத்தை இழுத்து வளர உதவுறதுங்கற மாதிரி வந்துச்சு. ஆப் தான் ஏதோ உளறுதுன்னு நினைச்சு நான் திரும்பவும் அழுத்திச் சொல்லவும், மாத்தி வச்சிட்டார்.

மறுநாள் காலைல ஒரு பெட்டியப் பிரிச்சு, ஒரு மூடிய எடுத்து கிரானைட் கல்லு மேல வச்சு ஒரு மூலைய விரலால தட்டினார். எதிர் மூலை டக்குனு எழும்பிச்சு. இன்னொண்ணு எடுத்தார், அதுவும் டக். ராத்திரி மெஷின்ல இருந்து விழும்போது எல்லாம் தட்டையா தான் இருந்துச்சு, நானே பாத்தேன். உள்ள சூடு இருக்கும்போதே வெளிய எடுத்துட்டா அப்புறம் ஆறும்போது இடத்துக்கு இடம் வேற மாதிரி சுருங்கும், மோல்டுக்குள்ள இருக்கற வரைக்கும் ஸ்டீல் புடிச்சு வச்சிருக்கும், பெட்டிக்குள்ள யார் புடிப்பா. ராத்திரி ஓடினது மொத்தமும் அரவைக்குப் போச்சு. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லல, அது தான் ரொம்ப உறுத்துச்சு.

ஆபீஸ்ல இருந்த பொண்ணு ஒருத்தி தான் அப்புறம் விளக்கினா. ஷிஃபு போன்ல காட்டினது "பா மியாவ் ஜூ ஜாங்", நாலே எழுத்து, அங்க ஸ்கூல் பசங்களுக்கே தெரிஞ்ச கதை. சீனத் தத்துவ ஞானி மென்ஷியஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டுல தன்னோட சீடர் கோங்சுன் சோவ்கிட்ட சொன்னது. அந்தக் காலச் சீனாவுல இருந்த சோங் நாட்டுல ஒருத்தன், பயிர் வளரலையேன்னு கவலைப்பட்டு ஒவ்வொரு நாத்தா மேல இழுத்து விட்டுட்டு, களைச்சுப் போய் வீட்டுக்கு வந்து இன்னைக்கு நாத்து வளர உதவி பண்ணேன்னு சொல்றான், மகன் ஓடிப் போய் பாத்தா எல்லாம் வாடிக் கிடக்கு. அந்தக் களைப்பு தான் என்னால மறக்க முடியல. அவன் நிஜமாவே உழைச்சிருக்கான், நானும் அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெஷின் பக்கத்துலயே நின்னேன்.

ஆனா பொறுமையா இருன்னு சொல்ல மட்டும் இந்தக் கதைய எடுத்துக்கறது பாதி தான்னு எனக்குத் தோணுது. மென்ஷியஸ் அதோட நிறுத்தல, இதுல பிரயோஜனம் இல்லன்னு விட்டுட்டுப் போறவன் களை எடுக்காதவன்னும் சேத்தே சொல்றார். ஷிஃபு அந்த மீதியத் தான் கையால செஞ்சார். கூலிங்கைத் திரும்ப 22ல வச்சுட்டு, மோல்டை ஆற வைக்கற தண்ணி ஹோஸ் ஒவ்வொண்ணையும் உள்ளங்கையால புடிச்சுப் புடிச்சுப் பாத்தார், ஒண்ணு மட்டும் மத்ததை விட சூடா இருந்துச்சு, என் கையப் புடிச்சு அது மேல வச்சார். கழட்டினா உள்ள துருவும் உப்பும் அடைச்சுக் கிடக்கு. அதைக் கழுவி, ஒரே சுத்தா ஓடிட்டு இருந்த லைனை ரெண்டா பிரிச்சு விட்டு, அப்புறம் ஒவ்வொரு செகண்டா குறைச்சார், குறைக்கும்போதெல்லாம் மூடிய ஆற விட்டுக் கல்லுல வச்சு தட்டிப் பாத்துட்டே தான்.

19ல நிறுத்தி செட்டிங் ஷீட்ல எழுதினார். 18 ட்ரை பண்ணலாமான்னு நான் கேக்கல. ஷிப்மென்ட் நாலு நாள் லேட், காரணத்தை மெயில்ல நானே எழுதினேன், ஷிஃபு முதல்லயே வேணாம்னு சொன்னதையும் சேத்து.