ஒரு மூடியை வடிவமைப்பது

ஒரு பொருளை வாங்கியவரின் விரல் அதிகம் படும் இடம் மூடிதான். ஆனால் வடிவமைப்பு மேசையில் நேரமெல்லாம் பாட்டிலின் உடம்புக்கே போய்விடுகிறது. மூடியைக் கடைசியில் அவசரமாக வரைகிறார்கள். இது தவறான வரிசை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஷாம்பு பாட்டிலோ விலையுயர்ந்த வாசனைத் திரவியமோ, முதலில் மூடியை வரைந்து, அதற்கேற்ப உடம்பை வரைவதுதான் சரியாக வருகிறது.

தினசரிப் பொருளில் இருந்தே தொடங்கலாம். மேலே தட்டித் திறக்கும் ஃபிளிப் டாப் மூடியில் கீல் என்று தனியாக ஒரு பாகம் கிடையாது. மூடியும் அடிப்பாகமும் ஒரே மோல்டில், ஒரே பாலிபுரோப்பிலீனில் வருகின்றன. நடுவில் 0.25 முதல் 0.5 மி.மீ வரை மெலிந்த பட்டை ஒன்று இருக்கும். அதுதான் கீல். உருகிய பிளாஸ்டிக் அந்த ஒடுங்கிய இடுக்கைக் கடந்து ஒரே மூச்சில் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். மோல்டு சீக்கிரம் நிரம்பட்டும் என்று இரண்டு பக்கமும் கேட் (பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாய்) வைத்தால், இரண்டு ஓட்டங்களும் கீலின் மேலேயே வந்து முட்டும். அங்கே விழும் வெல்டு லைன் என்ற ஒட்டுத் தழும்பு வழியாகத்தான் மூடி கிழியும்.

இன்னொரு காரியம் மோல்டிலிருந்து வெளியே வந்தவுடன் நடக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் மூடியை ஒருமுறையாவது மடித்துவிட வேண்டும். அப்போது பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் மடிப்புக்குக் குறுக்காக நீண்டு வரிசைப்படும். பிறகு ஆயிரக்கணக்கான தடவை மடித்தாலும் கீல் தாங்கும். சரியாகச் செய்த மூடிகளில், பாட்டில் காலியான பிறகும் கீல் அப்படியே இருக்கும். இதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரியும் உதவாது, நாலு மடிப்பில் ஒடிந்துவிடும். அலுமினியத்தில் ஒரு சோதனை மோல்டு வெட்டிப் பார்க்கும் செலவை இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

திறந்த மூடி திறந்தபடியே நிற்க வேண்டும். பாதியில் தொங்கினால் ஊற்றும்போது தாரைக்குள் விழும். அதற்காகக் கீலின் இரு பக்கமும் சின்னப் பட்டைகள் வைப்பதுண்டு. மூடி பாதி வழியில் இருக்கும்போது அவை அதிகமாக இழுபடும். அதனால் மூடி நடுவில் நிற்காமல், ஒன்று முழுக்கத் திறந்துகொள்ளும், இல்லையென்றால் முழுக்க மூடிக்கொள்ளும். கட்டைவிரல் தூக்கும் உதடு 1 மி.மீ நீட்டிக்கொண்டிருந்தால் வரைபடத்தில் தாராளமாகத் தெரியும். சோப்பு நுரை படிந்த விரல் அதில் வழுக்கும். மாதிரி வந்ததும் கையில் ஷாம்பு தடவிக்கொண்டு ஒற்றைக் கையால் திறந்து பார்ப்பதுதான் சரியான சோதனை.

தலைகீழாக நிற்கும் பாட்டிலின் மூடிக்குள் சிலிகோன் ரப்பர் தட்டு ஒன்று இருக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய இந்தத் தட்டு, பிதுக்கினால் விரியும், விட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு தானே மூடும். சாஸ் வழியாமல் நிற்பது இதனால்தான். திருகு மூடிக்குக் கவலை வேறு. 28 மி.மீ மூடியைச் சுமார் 1.5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்குவார்கள். ஒரு நாள் கழித்து, மூடிக்குள் கசிவைத் தடுக்க வைக்கும் லைனர் என்ற மெல்லிய வட்டு அமுங்கிவிடும், திறக்கத் தேவைப்படும் விசையும் குறைந்துவிடும். இறுக்கிய கையோடு அளந்த எண்ணை நம்பினால் லாரிக்குள் கசியும்.

மருந்து பாட்டிலின் மூடி தனி ரகம். அதைத் திறக்க முடியாதவர்களும் இருந்தே ஆக வேண்டும். ஐஎஸ்ஓ 8317 தரநிலைப்படி 42 முதல் 51 மாத வயதுக் குழந்தைகளிடம் மூடியைக் கொடுத்து, முதல் 5 நிமிடத்தில் குறைந்தது 85 சதவீதம் பேரால் திறக்க முடியாமல் போகிறதா என்று பார்க்கிறார்கள். அதே மூடியை 50 முதல் 70 வயது வரையுள்ள பெரியவர்களில் 90 சதவீதம் பேர் திறந்து, திரும்ப மூடவும் வேண்டும். குழந்தையின் கைக்கும் மூட்டுவலி உள்ள கைக்கும் வலுவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் அமுக்கிக்கொண்டே திருப்பு என்று இரண்டு அசைவுகளை ஒரே நேரத்தில் கேட்கும் மூடி வந்தது. வலுவை நம்பாமல் அறிவை நம்பிச் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு வியப்புதான்.

இனி விலையுயர்ந்த பக்கம். வாசனைத் திரவிய மூடி கனமாக இருக்க வேண்டும் என்பார்கள். துத்தநாகக் கலவையில் வார்க்கலாம், பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இரும்பு எடையும் வைக்கலாம். கண்ணாடி போலத் தெளிவாக வேண்டுமென்றால் சர்லின் என்ற பிளாஸ்டிக் உண்டு. சாதாரணப் பிளாஸ்டிக்கில் சுவர் 3 மி.மீக்கு மேல் தடித்தாலே மேலே குழி விழத் தொடங்கும். சர்லினில் கட்டியாகவே வார்க்கலாம், ஆனால் ஆற அதிக நேரம் எடுக்கும். பொறுமையில்லாமல் மோல்டைத் திறந்தால் உள்ளே குமிழி நிற்கும். எந்த ஓடாக இருந்தாலும், பம்பின் கழுத்தைப் பிடிப்பது உள்ளே இருக்கும் பாலிபுரோப்பிலீன் சட்டைதான். கையில் படும் அந்த மெல்லிய ‘கிளிக்’கும் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தப் பிடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். மக்கள் பாட்டிலை மூடியைப் பிடித்தே தூக்குவார்கள். எச்சரிக்கை அச்சடித்தாலும் தூக்குவார்கள். நிரம்பிய 100 மி.லி. பாட்டில், கனமான கண்ணாடியென்றால் 300 கிராம் வரை வரும். அதாவது கிட்டத்தட்ட 3 நியூட்டன். கைவீச்சு சேர்ந்தால் இன்னும் கூடும். பிடிப்பு 4 நியூட்டனில் இருந்தால் பாட்டில் எழும்பி வந்து, இடுப்பு உயரத்தில் கழன்று விழும். இதைவிட மோசமான அளவு இல்லை. ஒன்று நல்ல பிடிப்பாக வையுங்கள், இல்லையென்றால் தொட்டவுடனே மூடி மட்டும் கையோடு வரும்படி லேசாக வையுங்கள்.

காந்த மூடியில் துருவங்களைச் சரியாக அமைத்தால் மூடி தானாகவே சுழன்று, சின்னம் முன்பக்கம் வந்து நிற்கும். அழகான ஏற்பாடு. ஆனால் சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கும். அதைச் சூடான வார்ப்புக்குள் வைத்து மூடினால், வெளியே வரும்போதே பாதிக் காந்தம்தான்.

முலாம் போடுவது அளவைக் குலைக்கும். செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கினால் 25 முதல் 40 மைக்ரான் வரை ஏறும். மின்னோட்டம் கூர்மையான விளிம்புகளில் குவிவதால் அங்கே படலம் தடித்தும், உள்மூலைகளில் மெலிந்தும் படியும். முலாமுக்கு முன் வழுவழுவென்று பொருந்திய மூடி, பின்னால் முக்கிக்கொண்டு இறங்குவது இதனால்தான். விளிம்புகளை 0.5 மி.மீயாவது உருட்டிவிட்டு, பொருந்தும் பரப்பில் முன்கூட்டியே இடம் விட வேண்டும். பட்டுப்போல் தொடுவதற்கென்று பூசும் மென்பூச்சை எங்களால் பரிந்துரைக்க முடியாது. அந்தப் பாலியூரித்தேன் ஈரப்பதத்தில் மெல்லச் சிதைந்து, சில வருடங்களில் பிசுபிசுக்கும். விலை கொடுத்து வாங்கி, பத்திரப்படுத்தி வைத்தவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஊற்றுப்பேனா மூடிக்குள் காற்று புகாத சின்ன அறை இருந்தால் நிப் காயாது. ஆனால் இழுத்துக் கழற்றும் மூடி அதிக இறுக்கமாக இருந்தால், வேகமாகக் கழற்றும்போது உறிஞ்சல் ஏற்பட்டு மை சொட்டும். பரிசுப் பெட்டி மூடியிலும் காற்றுதான் விளையாடுகிறது. 2 மி.மீ அட்டையில் செய்த மூடி மெல்ல மெல்ல இறங்குவது உள்ளிருக்கும் காற்று இடுக்கு வழியாக வெளியேறும் வேகத்தால். இடுக்கு குறைந்தால் மூடியைத் தூக்கும்போது பெட்டியே தொங்கிக்கொண்டு வரும். அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் தாள் ஒட்டினால், பசை காயும்போது சுவர் வளைந்து இடுக்கும் மாறிவிடும். உள்ளேயும் அதே தாளை ஒட்டினால் இழுப்பு சமமாகும்.

கடைசியில் சோதனை. இயந்திரம் மூடியை நேராக 5,000 முறை இழுத்தாலும் பிரச்சினை தெரியாமல் போகலாம், ஏனென்றால் கை எப்போதும் சாய்த்துத்தான் இழுக்கும். பிடிப்பானை 10 டிகிரி சாய்த்து மாட்டுங்கள். உள்சட்டையின் ஒரு பக்க ரிப் (பிடிப்புக்காக நீட்டிக்கொண்டிருக்கும் வரம்பு) மட்டும் தேயத் தொடங்கும், பம்பின் தலையில் வெள்ளைத் தூள் படியும். அந்தத் தூள் எத்தனையாவது தடவையில் தெரிந்தது என்று குறித்துக்கொண்டு, ரிப்பின் முனையை உருட்டிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.