மார்கழிக்குள் ஒரு கணினி

டிசம்பர் 16, 2025, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. தை முகூர்த்தங்கள் தொடங்கும்வரை கல்யாண வீடியோக்களைத் தொகுக்கும் எனக்குப் புதிய வேலை வராது என்பதால், கணினியை மாற்றுவதானால் இந்த முப்பது நாட்களுக்குள் மாற்றியாக வேண்டும். நேற்றிரவு ஐப்பசிக் கல்யாணம் ஒன்றின் கடைசித் திருத்தத்தில் இருந்தேன். மாப்பிள்ளையின் கை தாலியோடு பெண்ணின் கழுத்தருகே போன நொடியில் திரை உறைந்துவிட்டது. கெட்டிமேளம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று முறை முயன்றும் அதே இடத்தில் நின்றது.

கல்யாணங்களைப் படம்பிடிக்கும் அண்ணன் புதுக் கேமரா வாங்கியதிலிருந்து இதே கதைதான். அது பதிவு செய்வது 10-பிட் 4:2:2 எச்.265, நிறத் தகவலைக் கூடுதலாக வைத்துச் சுருக்கும் வீடியோ வகை. 2014இல் வாங்கிய என் கணினியின் இன்டெல் ஐ7-4790 சில்லுக்கு அந்த வகைக் கோப்பின் சுருக்கத்தை வன்பொருளில் பிரிக்கத் தெரியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11க்குப் போகலாமென்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே அனுமதி இல்லை.

டிசம்பர் 17

காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை மின்தடை. யுபிஎஸ் ஆறு நிமிடம் தாங்கியது.

டிசம்பர் 19, வெள்ளி

பெங்களூர் அல்சூரிலிருந்து மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். நான்கு கடைகளில் விசாரித்தேன். முதல் மூன்றிலும் என் தேவையைக் கேட்பதற்கு முன்பே கேமிங் கணினி ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே வானவில்போல் விளக்குகள் எரிந்தன. நான்காவது கடையில் இருந்த பையன், நான் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க தமிழா?" என்றான். அவன் திருவண்ணாமலைப் பக்கம்.

நானே மாட்டிக்கொள்ளப் பாகங்களுக்கு அவன் எழுதித் தந்த கோட்டேஷனில் எல்லாம் சரியாகவே இருந்தது, ஒரு வரியைத் தவிர. ஐ5-14500 கேட்டதற்கு ஐ5-14400எஃப் எழுதியிருந்தான். எஃப் என்று முடியும் இன்டெல் சில்லுகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இயங்காது. விலை குறைவு, தனி கிராபிக்ஸ் கார்டு போடுபவருக்கு அது போதும். ஆனால் எனக்கு வேண்டியதே அந்த உள்ளமைந்த பகுதிதான். 4:2:2 எச்.265 கோப்புகளை இன்டெல் டெஸ்க்டாப் சில்லுகள் 11ஆம் தலைமுறையிலிருந்து அதில்தான் பிரிக்கின்றன. என்விடியாவின் தனி கிராபிக்ஸ் கார்டுகளில் அந்த வசதி 2025இல் வந்த 50 வரிசையில்தான் கிடைத்தது, அதன் விலையை நான் கேட்கவே இல்லை. பையனிடம் இதைச் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. எஃப் உள்ள வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினான்.

14500 சில்லு 22,000, மதர்போர்டு 11,500, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி இரண்டு 27,500, ஒரு டிபி எஸ்எஸ்டி 8,500, எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) 4,200, கேபினெட் 3,500. ஆக 77,200. தாளின் அடியில் "இன்று மாலை வரை மட்டும்" என்று எழுதிக் கோடிட்டிருந்தான். மே மாதம் தோழிக்கு இதே ரேம் ஜோடியை ஒன்பதாயிரத்துக்கும் குறைவாக வாங்கிக் கொடுத்தேன். ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனமே தன் குரூஷியல் ரேம் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. தையில் இறங்குமா என்று கேட்டேன். பையன் சிரித்தான்.

டிசம்பர் 21, ஞாயிறு

பழைய கணினியில் 8 ஜிபி வீதம் நான்கு ரேம்கள் இருக்கின்றன. ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் டிடிஆர்3, பழைய தலைமுறை. அடியில் உள்ள வெட்டு இருக்கும் இடமே வேறு, புதுப் பலகையில் நுழையவும் நுழையாது. 32 ஜிபியைக் கையில் வைத்துக்கொண்டு 32 ஜிபிக்கு விலை பார்க்கிறேன்.

மாலையில் எதிர்ப்பக்கத்தையும், அதாவது நானே மாட்டாமல் முழுக் கணினியாக வாங்குவதையும் யோசித்தேன். பெரிய நிறுவனத்தின் அலுவலக டவர் கணினி, அதே 14500, 16 ஜிபி, மூன்று ஆண்டு வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதம், விண்டோஸ் உட்பட 71,000. கணக்குப் பார்த்தால் வாங்குவதே புத்திசாலித்தனம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு சர்வீஸ் சென்டருக்கு நான் அலைய வேண்டியதில்லை, எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் அவர்களுடையது. ஆனால் 2019இல் என்னிடம் இருந்த அப்படிப்பட்ட இன்னொரு டவர்தான் 19 நாட்கள் சர்வீஸ் சென்டரில் கிடந்தது. கெட்டது எஸ்எம்பிஎஸ் மட்டுமே. கடையில் புதிதாக வாங்கி மாட்டலாம் என்று திறந்து பார்த்தால், வழக்கமான 24 ஊசிச் செருகியே அதில் இல்லை. அந்த நிறுவனத்தின் பலகைக்கு அந்த நிறுவனத்தின் செருகிதான். அந்த 19 நாட்களில் இரண்டு கல்யாண வேலைகள் வேறு ஆளுக்குப் போயின.

டிசம்பர் 24

போன் செய்தேன். அதே ரேம் ஜோடி 31,000. தங்கமும் சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டதாம்.

டிசம்பர் 27, சனி

வளையல்களை எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

டிசம்பர் 29

அம்மா, "சொந்தமா மாட்டி ஏதாவது ஆச்சுன்னா யாருகிட்ட போய் நிப்பே?" என்று கேட்டாள். நான் பதினைந்து நாட்களாகச் சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு கேள்வியைத்தான் என்பதால் பதில் சொல்ல முடியவில்லை, எரிச்சல்தான் வந்தது. தம்பி சென்னையிலிருந்து பேசும்போது, லேப்டாப் வாங்கிவிடு என்றான். பதினான்கு மணி நேரம் இடைவிடாமல் வீடியோ ஏற்றுமதி ஓடும் அறையை அவன் பார்த்ததில்லை.

ஜனவரி 3, 2026

கனவில் கோட்டேஷன் தாள். எல்லா வரியின் முடிவிலும் எஃப்.

ஜனவரி 7, புதன்

டவரையே வாங்கிவிடுவது என்று காலையில் முடிவெடுத்து, இணையத்தில் பணம் கட்டும் பக்கம்வரை போனேன். 71,000 இப்போது 78,500. அவர்களிடம் இருந்த பழைய விலைச் சரக்கு தீர்ந்திருக்க வேண்டும். பக்கத்தை மூடினேன்.

பிறகுதான் தோன்றியது. டவரில் இருப்பதும் ஒற்றை 16 ஜிபிதானே, அதை வைத்துத் தொடங்கலாம் என்றால் நான் மாட்டுவதிலும் தொடங்கலாமே. 2016இல் கணினியோடு இல்லாமல் தனிப் பெட்டியாக வாங்கிய விண்டோஸ் உரிமம் புதுக் கணினிக்கும் மாறும். ஒரு ரேம் இப்போது, இன்னொன்று மாசியில். வேகம் குறையும், உறையாது.

ஜனவரி 9, வெள்ளி

வாங்கிவிட்டேன். ஒரு ரேம் 15,500, மற்றவை பழைய விலை, ஆக 65,200. பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே போடலாம், 4,200 மிச்சம் என்று பையன் சொன்னான். பதினோரு ஆண்டு ஓடியதை இதில் மாட்டச் சம்மதிக்கவில்லை. பில் போடும்போது சில்லின் பெட்டியைத் திருப்பி, எஃப் இல்லை என்று இரண்டு முறை பார்த்தேன். வளையல்கள் நகைப்பெட்டியில் இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

சில்லை அதன் இடத்தில் வைத்து நெம்புகோலை அழுத்தும்போது நறநறவென்று சத்தம் வருகிறது, உடைகிறதோ என்று கை தானாக நிற்கிறது. அது அப்படித்தான் அழுந்தும் என்று தெரிந்திருந்தும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அழுத்தினேன். மின்விசிறிக்கு அடியில் பசை, ஒரு பட்டாணி அளவு. இரவு 10.50க்கு ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. பலகை ஓரத்தில் ரேமுக்கு உரிய மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தது. டிடிஆர்5 முதன்முறை இயங்கும்போது நினைவகத்தைப் பலகை பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும், அணைத்துவிடக் கூடாது என்று படித்திருக்கிறேன். அம்மா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். நான்கு நிமிடம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரி 12

தாலி கட்டும் இடத்தை ஏழு முறை ஓட்டினேன். மூன்று முடிச்சும் விழுகின்றன.

ஜனவரி 14

போகி. பழையதைக் கழி என்கிறாள் அம்மா. அதன் வன்தட்டில் நாற்பது கல்யாணங்கள் இருக்கின்றன, கழிக்க மாட்டேன் என்றேன். மாலையில் அண்ணன் அழைத்தார். தையில் முதல் வேலை உறுதியாகிவிட்டதாம். இரண்டு கேமரா இல்லை, மூன்று.