கிழக்குப் பார்த்த கொட்டகை

தண்டையார்பேட்டையில் பிறந்து, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய ஸ்டூடியோவை நடத்திவரும் எனக்கு, கல்யாண வெளிச்சம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாமியானா வெளிச்சம்தான். தெருவை அடைத்துப் போட்ட பந்தலின் சிவப்பு, நீலத் துணிகளின் வழியே இறங்கும் பகல் வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் ஒரு கன்னம் சிவந்தும் மறு கன்னம் நீலம் பாரித்தும் தெரியும். அந்தக் கன்னங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வதிலேயே என் இளமையில் பாதி கழிந்தது. பிறகு மண்டபங்களும் எல்.இ.டி. சுவர்களும் வந்தன, தொல்லையின் நிறம் மட்டும் மாறியது. எனவே, திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு பெண், "தாத்தாவோட மாட்டுக் கொட்டகையில கல்யாணம், நீங்கதான் அண்ணா எடுக்கணும்" என்று சொன்னபோது, கெட்ட வெளிச்சத்தில் வேலை செய்து பழகியவன் என்ற துணிச்சலில் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் கைப்பேசியில் காட்டிய படங்கள் வெளிநாட்டுக் கல்யாணங்களுடையவை. உயரமான மரக் கூரை, நீளச் சதுரமாகக் கட்டிய வைக்கோல் கட்டுகள், உத்தரத்திலிருந்து உத்தரத்துக்குத் தொங்கும் மஞ்சள் பல்புச் சரங்கள். அங்கே பல இடங்களில் விவசாய வேலை நின்றுபோன பழைய கொட்டகைகளைச் சீரமைத்து, கல்யாணத்துக்கென்றே வாடகைக்கு விடுகிறார்கள். இங்கேயோ, பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் இருக்கும் அந்தக் கிராமத்துக் கொட்டகையில் நான்கு மாடுகள் அன்றும் கட்டப்பட்டிருந்தன.

முன்கூட்டியே இடத்தைப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. கொட்டகைக்குள் எனக்கு எதுவும் தெரியவில்லை. நாட்டு ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரை, மூன்று பக்கமும் மண் சுவர், புகையேறிக் கறுத்த பனஞ்சட்டங்கள், சாணம் மெழுகிய தரை. கூரையில் இருந்த ஒரே ஒரு கண்ணாடி ஓட்டின் வழியே கைக்குட்டை அளவு வெளிச்சம் கழுநீர்த் தொட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இதில் தாலி கட்டினால் தாலியும் தெரியாது, கட்டுகிறவரும் தெரியமாட்டார் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ, பெண்ணின் தாத்தாவான அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார். "சாயங்காலம் வந்து பார்த்தா என்ன தம்பி தெரியும்? கொட்டாய் கிழக்குப் பார்த்தது. விடியறப்ப வந்து பாருங்க" என்றார்.

ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் பைக்கிலேயே போனேன். வைகாசிக் கடைசியில் எங்கள் பக்கம் கதிரவன் ஐந்தே முக்கால் மணி வாக்கில் உதிக்கிறது. அதுவும் நேர்க் கிழக்கில் அல்ல, சற்று வடக்கே ஒதுங்கி. ஆறு மணிக்கெல்லாம் அந்தப் பத்தடி வாசல் வழியே வெயில் படுத்துக்கொண்டே உள்ளே வந்து, எதிர்ச் சுவரைத் தொட்டது. முந்தைய முறை எனக்குக் கண்ணே தெரியாத அதே இடத்தில் மாட்டின் இமை மயிரை எண்ணலாம் போலிருந்தது.

அப்போதுதான் இத்தனை ஆண்டுகளாகக் கவனிக்காத ஒன்று எனக்கு உறைத்தது. மணமக்களைக் கிழக்கு நோக்கி உட்காரவைக்கும் வழக்கத்தை ஆயிரம் கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான்கு பக்கமும் அடைத்த, குளிரூட்டிய மண்டபத்தில் கிழக்கு என்பது ஐயர் சொல்லும் ஒரு சொல், அவ்வளவுதான். விடியற்கால முகூர்த்தமும் கிழக்குப் பார்த்த மணையும் கிழக்குப் பார்த்த வாசலும் ஒரே இடத்தில் சேர்ந்தால், வெயில் நேராக மணமக்களின் முகத்தில் வந்து உட்காருகிறது. விளக்கு, குடை, ஸ்டாண்டு என்று நான் வாடகைக்கு எடுக்கும் அத்தனையையும் அந்த வாசல் ஒன்றே செய்கிறது. வழக்கம் இதற்காகத்தான் வந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. போட்டோகிராபர் எல்லாவற்றையும் வெளிச்சத்துக்காகவே நடப்பதாகத்தான் நினைப்பான்.

ஆனால் அந்த வெயில் நின்று பேசாது. கதிரவன் ஏற ஏற, தாழ்வாரத்தின் நிழல் மேலிருந்து கீழே இறங்குகிறது. சுவரோரம் பெரியவரை உட்காரவைத்துப் பார்த்ததில், ஆறு இருபத்தைந்து வரை முகத்தில் இருந்த வெயில் அதற்குப் பிறகு மார்புக்கு இறங்கி, ஏழு மணி வாக்கில் பாதத்தில் வந்து நின்றது. முகூர்த்தம் 6 முதல் 7.30 வரை என்று பத்திரிகையில் அச்சாகியிருந்தது. எனக்குக் கிடைப்பது அதில் முதல் 25 நிமிடம் மட்டும். ஐயரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "ஆறே காலுக்குக் கெட்டிமேளம் கொட்டிடலாம், பொண்ணு புடவை மாத்திண்டு வர்றது உங்க பொறுப்பு" என்றார். கூறைப்புடவை கட்டுவதில் ஆகும் தாமதத்தை எந்தப் போட்டோகிராபராலும் தடுக்க முடிந்ததில்லை என்பதால், கட்டிவிடும் அத்தையிடம் தனியாகப் போய்க் கெஞ்சினேன்.

இன்னொரு சிக்கல் தரை. மண்டபத்தின் கிரானைட் தரை, நாம் கேட்காமலேயே கொஞ்சம் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்பும். சாணத் தரை விழுந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. புருவத்துக்குக் கீழே கண் இருக்கும் இடம் குழியாகக் கறுக்கிறது. பெரியவரின் எட்டு முழ வேட்டிகள் இரண்டை வாங்கி, மணமக்களுக்கு முன்னால், படத்தில் விழாத தூரத்தில் விரித்தேன். கண்கள் திறந்தன. சலவைக்குப் போட்டுத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதற்குப் பெரியவர் பதிலே சொல்லவில்லை.

அலங்காரத்துக்கு வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐம்பதடி தள்ளி, நவரை அறுப்பில் வந்த வைக்கோல் ஆளுயரத்துக்கு மேல் போராகக் குவிந்திருக்க, அவர்கள் சின்ன லாரியில் வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். அந்தக் கட்டுகளை மாடுகள் கல்யாணம் முடிவதற்குள் பாதி தின்றுவிட்டன. கூரையெங்கும் அவர்கள் கட்டிய சீரியல் பல்புகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் மலிவான எல்.இ.டி. பல்புகள் நம் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை மினுங்குபவை; கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 நொடியில் வைத்தால் தப்பிக்கலாம், ஆனால் தாலி முடிச்சுப் போடும் விரல்கள் அந்த வேகத்தில் கலங்கிவிடும். கெட்டிமேளத்துக்குச் சற்று முன் பல்புகளை அணைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

கல்யாணத்தன்று நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பயந்து இரவு இரண்டு மணிக்கே காரில் கிளம்பினோம், வழியெல்லாம் ஏ.சி. ஓடியது, கேமரா பை அதன் காற்று வாய்க்கு நேராக இருந்தது. நான்கரை மணிக்கு ஏரிக்காற்றின் ஈரத்தில் பையைத் திறந்ததும், குளிர்ந்து போயிருந்த லென்சுகள் எல்லாம் வியர்த்து வெளுத்துவிட்டன. துடைத்தால் மறுபடி வியர்க்கும், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மணப்பெண்ணுக்கு நலுங்கு வைத்த முதல் பத்து நிமிடத்தை என் உதவியாளர் தன் கைப்பேசியில்தான் எடுத்தார். அந்தத் தம்பி பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தவர், அவர் கைப்பேசி என் பையைப் போல ஏ.சி. காற்றில் குளிரவில்லை.

ஆறு மணிக்கு வெயில் வந்தது. அதோடு கூட்டமும் வந்தது. தாலி கட்டும் நேரத்தில் அட்சதையோடு எல்லோரும் முன்னால் எழுந்து வருவார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் இங்கே முன்னால் என்பது வாசல், வாசல் என்பது வெளிச்சம். சொந்தக்காரர்களின் தலைகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, மணப்பெண்ணின் முகம் தவணை முறையில் இருண்டது. எங்கள் குழுவில் சடங்குகளை வழக்கமான பாணியில் எடுக்கும் ட்ரெடிஷனல் போட்டோகிராபர், பழுத்த அனுபவசாலி, வழக்கப்படி நட்டநடுவில் போய் நின்றுகொண்டு பிளாஷை ஏற்றினார். ஹோமப் புகையில் பிளாஷ் பட்டு எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று நான் கத்தியது நாதஸ்வரத்தில் கரைந்துபோனது. பெரியவர்தான் பார்த்தார். ஓரமாகச் சாத்தியிருந்த இரண்டு மூங்கில் கழிகளை எடுத்து, வாசலின் வடக்குப் பாதியை மறித்து ஒன்றும், அங்கிருந்து வெளியே வேப்பமரம் வரை மற்றொன்றுமாக, ராத்திரியில் மாடுகளை அடைப்பது போலவே கட்டினார். அந்த அடைப்புக்குள் நின்றவர்களைப் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டார், காலியான இடத்தில் கன்றுக்குட்டியை விட்டார். பட்டுப்புடவைக்காரர்கள் யாரும் அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. வெயில் வடக்கே ஒதுங்கி வருவதால் எனக்கு வேண்டியதும் அந்தப் பாதிதான். தெற்கு ஓரத்தில் நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். 6.19-க்குத் தாலி ஏறியது. மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனாரின் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள்கூடப் படத்தில் தெரிகிறது.

குழுப் படங்களை வேப்பமர நிழலில், வைக்கோல் போரின் முன்னால் எடுத்து முடித்தோம். அவை எல்லாக் கல்யாணத்திலும் இருக்கும் படங்கள்தான்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்த மணப்பெண், என் படங்களையெல்லாம் தாண்டிப்போய், மணமக்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து உதவியாளர் எடுத்த ஒரு படத்தில் நின்றார்: இரண்டு கறுத்த தலைகள், மாலைகளின் விளிம்பில் வெயில், கண்ணாடி ஓட்டிலிருந்து புகையினூடே கோலாக இறங்கும் வெளிச்சம், வாசலுக்கு வெளியே படுத்திருக்கும் கன்று, குறுக்கே அந்த மூங்கில். "மூங்கிலை மட்டும் எடுத்துடலாமா அண்ணா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன், அரை மணி நேர வேலை. இரண்டு நாள் கழித்துப் பெரியவர் போன் செய்தார்: பேத்தி காட்டிய படத்தில் தன் கழியைக் காணோம், அது இருக்கிற படம் ஒன்று பெரிதாகப் பிரேம் போட்டு வேண்டும், காசு தானே கொடுத்துவிடுவதாக.